ஒரு பெரியார் குடுங்க!

வாரத்துக்கு நாற்பது கடிதம் வந்தால் அதில் பத்தாவது ஜிகர்தண்டா பற்றி இருக்கும். இந்த வாரம் அதைக் காணோம். எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி பட்டப்பெயர்களைப் பிடித்துக்கொண்டு விட்டீர்கள். போஸ்டரைப் பார்த்தே எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய ஊர் இது. இத்தனை நாள் கேட்காமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

தலைவர்களுக்குப் பெயர் இருக்கும்போது பட்டம் எதற்கு?
— இல்லத்தரசி, திருநகர்

பெயர் பெற்றவர்கள் வைத்தது. அதில் கட்சிக்காரர்களுக்கு என்ன பெருமை?

'புரட்சி' இதுவரை எத்தனை பேருக்குப் போயிருக்கிறது?
— கல்லூரி மாணவர், திருமங்கலம்

முதலில் பாரதிதாசன் புரட்சிக் கவிஞர் ஆனார். பொருத்தம்தான், பேச்சே இல்லை. அடுத்து எம்.ஜி.ஆர். புரட்சி நடிகர். அந்தப் பட்டத்தைச் சூட்டியவர் கருணாநிதி. 1972-ல் இருவருக்கும் முறிந்தது, அ.தி.மு.க. பிறந்தது. கொடுத்த பட்டத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா? 'நடிகர்' மட்டும் கழன்று விழுந்தது. அந்த இடத்தில் 'தலைவர்' வந்து உட்கார்ந்தது. பிறகு 'தலைவி'.

நம்ம ஊர் விஜயகாந்த் புரட்சிக் கலைஞர். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முன்பாதி அந்தக் கழகத்துடையது, பின்பாதி இந்தக் கழகத்துடையது. இரண்டுக்கும் மாற்று என்று 2005-ல் மதுரையில் கட்சி தொடங்கியவர், பட்டத்தில் மட்டும் இரண்டையும் கூட்டணி சேர்த்து வைத்திருந்தார்.

வைகோ புரட்சிப் புயல். சத்யராஜ் புரட்சித் தமிழன். 2023 ஆகஸ்ட் 20 அன்று வலையங்குளம் மாநாட்டு மேடையில் எடப்பாடி பழனிசாமி புரட்சித் தமிழர் ஆனார். 'ன்' போய் 'ர்' வந்ததுதான் வித்தியாசம். நடிகருக்கு ஒருமை, பொதுச்செயலாளருக்கு மரியாதைப் பன்மை. இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது.

டீக்கடையில் 'ஸ்பெஷல் டீ' என்கிறோமே, அந்த ஸ்பெஷல் செய்யும் வேலையைத்தான் இப்போது 'புரட்சி' செய்கிறது. டிகாக்‌ஷன் அதேதான், கிளாஸ் கொஞ்சம் நிறைய இருக்கும். நிஜமாகவே புரட்சி பேசியவர்களுக்கு இந்த ஊரில் என்ன பட்டம் கிடைத்தது தெரியுமா? பி. ராமமூர்த்தி 1952 தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே மதுரை வடக்கில் ஜெயித்தார். அவருக்குக் கிடைத்தது 'தோழர்'. பக்கத்தில் கொடி கட்டியவருக்கும் அதே 'தோழர்'தான்.

அரசாங்கம் சூட்டுகிற பெயர் மக்கள் வாயில் நிற்குமா?
— ஓய்வுபெற்ற கண்டக்டர், செல்லூர்

இதை என்னிடம் கேட்கிறீர்களே ஐயா! முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த நீங்கள்தான் இதில் பல்கலைக்கழகம். இருந்தாலும் போன வாரம் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு பாட்டி. நெற்றி நிறைய விபூதி, மடியில் கோயில் பிரசாதம். கண்டக்டர் வந்ததும் கூப்பிட்டார்: "ஒரு பெரியார் குடுப்பா." கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் குரல் கொடுத்தார்: "பெரியாரெல்லாம் எந்திரிச்சு வா!" பாதி பஸ் எழுந்தது. கையில் தேங்காய்ப் பை, கழுத்தில் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் இருவர், மொட்டையடித்த ஒரு குழந்தை. அத்தனை பேரும் பெரியார். மீனாட்சியைப் பார்க்கப் போகிறவர்களும் பெரியாரில் இறங்கித்தான் நடக்கிறார்கள். இதை அவரே பார்த்திருந்தால் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்திருப்பார் என்பது என் ஊகம்.

இதே ஊரில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கும் பேருந்து நிலையத்துக்கு 'ஒரு எம்.ஜி.ஆர்.' என்று யாராவது டிக்கெட் கேட்டிருக்கிறார்களா? மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை. 1980-ல் மதுரை மேற்கில் நின்று ஜெயித்த முதலமைச்சரால்கூட மாட்டை அசைக்க முடியவில்லை. எர்ஸ்கின் பிரபு கவர்னர். அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருந்தது. பிறகு அது ராஜாஜி மருத்துவமனை ஆனது. ஜனம் இரண்டு பேரையும் சட்டை செய்யாமல் 'பெரியாஸ்பத்திரி' என்றே போய் வந்துகொண்டிருக்கிறது.

'பெரியார்' ஏன் ஒட்டியது? என் கணக்கில் காரணம், அது பெயர் மாதிரி ஆகிவிட்ட பட்டம் என்பதுதான். 1920-களின் பத்திரிகைகளில் அவர் 'நாயக்கர்'. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பெயரை விடச் சொன்னது, அவர் ஈ.வெ.ரா. ஆனார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு 'பெரியார்' என்றே அழைக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. கட்சித் தொண்டரோ சினிமாக்காரரோ கொடுத்தது இல்லை, பெண்கள் கொடுத்தது. அதில் ஏதோ இருக்கிறது.

ஒரு உபரிச் செய்தி: மேலூர்ப் பக்கம் வயசாளிகள் "இன்னும் பெரியார் வரல" என்று வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால், அது அரசியல் இல்லை. பெரியாறு அணைத் தண்ணீர் வரவில்லை.

கேப்டன், டாக்டர், தளபதி… இதற்கெல்லாம் சட்டம் இடம் கொடுக்கிறதா?
— சட்டக் கல்லூரி மாணவி, கே.கே. நகர்

அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவைப் புரட்டுங்கள். படை, கல்வி சார்ந்தவை தவிர வேறு பட்டம் எதையும் அரசு கொடுக்கக்கூடாது என்கிறது. நம் ஆட்கள் எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார்கள் பாருங்கள்: கேப்டனும் தளபதியும் படை, டாக்டர் கல்வி. மற்றபடி அந்தப் பிரிவு கட்டுவது அரசைத்தான், பிளெக்ஸ் கடையை இல்லை. பாரத ரத்னாவையே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லியிருக்கிறது.

ஒரே ஆளை ஒரே கட்சி இரண்டு விதமாக அழைத்த கதை உண்டா?
— தமிழாசிரியர், உசிலம்பட்டி

ராஜாஜியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1953-ல் பள்ளி நேரத்தைக் குறைத்து அவர் கொண்டுவந்த திட்டத்துக்கு 'குலக்கல்வி' என்று பெயர் வைத்தது எதிர்ப்பு. தி.மு.க. மேடையில் அவர் 'ஆச்சாரியார்', காரம் கூடினால் 'குல்லுகப் பட்டர்'. பதினான்கு வருஷம் கழித்து 1967. அவருடைய சுதந்திராக் கட்சியும் தி.மு.க.வும் ஒரே அணி. அதே மேடைகளில் அவர் 'மூதறிஞர்' ஆகிவிட்டார்.

அவர் மாறினாரா என்றால், அதிகம் இல்லை. தொகுதிப் பங்கீடு மாறியது.

எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு. காமராசரை 1967-ல் விருதுநகரில் தோற்கடித்த கட்சிதான் பிற்பாடு அவருக்குப் 'பெருந்தலைவர்' என்று மனமாரச் சொன்னது. 2006-ல் ஆட்சிக்கு வந்தபின் அவர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாக்கியது. நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைத் திறந்த தேதியைப் பாருங்கள்: 2023 ஜூலை 15. காமராசர் பிறந்தநாள். போட்டி முடிந்த பிறகு நாம் யாருக்கும் கஞ்சத்தனம் பண்ணுவதில்லை.

பெயருக்கு முன்னால் வரும் சொற்களில் வலிமையானது எது?
— ஆட்டோ ஓட்டுநர், காளவாசல்

'முன்னாள்'. வேறு எந்தப் பட்டத்தையும் ஒரே இரவில் அடித்துவிடும்.

வைத்தியநாத ஐயரைப் பழைய நூல்களில் 'ஹரிஜனத் தந்தை' என்று போட்டிருக்கிறார்கள். இன்று வகுப்பில் அப்படிச் சொல்லலாமா?
— பள்ளி ஆசிரியை, மேலூர்

சொல்ல வேண்டாம் டீச்சர். ஏன் ஒரு காலத்தில் சொன்னார்கள் என்பதைச் சொல்லுங்கள். அதற்கு ஒரு முழுப் பீரியடு வேண்டும்.

1939 ஜூலை 8. தடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த சிலரை அழைத்துக்கொண்டு வைத்தியநாத ஐயர் மீனாட்சி கோயிலுக்குள் போனார். உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தும்பைப்பட்டி கக்கன் அவர்களில் ஒருவர். சொந்த சாதியிலேயே ஐயருக்கு வசவு விழுந்தது. அந்தத் துணிச்சலை யாரும் குறைக்க முடியாது. அன்றைய காங்கிரஸ் வழக்கில் 'ஹரிஜன்' மரியாதைச் சொல், காந்தி பரப்பியது. அதனால் அந்தப் பட்டம் பாராட்டாகவே வந்தது.

ஆனால் அந்தச் சொல் யாரைக் குறித்ததோ அவர்களிடம் கேட்டு வைத்தது இல்லை. சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா போன்றோர் முயன்று 1922-லேயே 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை அரசை ஏற்கவைத்திருந்தார்கள். 1938-ல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 'ஹரிஜன்' என்ற சொல்லை எதிர்த்து அம்பேத்கரும் அவர் கட்சியினரும் வெளியேறினார்கள். அதாவது ஆலயப் பிரவேசத்துக்கு முந்தைய வருஷமே சண்டை தொடங்கிவிட்டது. இது ஏதோ இன்றைய தலைமுறையின் தொட்டாற்சிணுங்கித்தனம் என்று யாராவது சொன்னால் இந்தத் தேதியைக் காட்டுங்கள்.

எனக்குச் சங்கடம் முன்சொல்லில் மட்டும் இல்லை, 'தந்தை'யிலும்தான். கக்கன் அப்போது முப்பதைத் தொட்ட மனிதர். தன் காலால் நடந்து உள்ளே போனார். பட்டம் கூட்டிப்போனவர் மேல் வெளிச்சம் அடித்து, போனவர்களைப் பிள்ளைகளாக்கிவிட்டது. அன்று உள்ளே போனவர்களில் கக்கனைத் தவிர இன்னொருவர் பெயரை உங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். 1955-ல் ஐயர் இறந்தபோது அவர் மகன்களோடு கக்கனும் தலையை மழித்துக்கொண்டார் என்பது மதுரையில் எல்லோரும் சொல்லும் செய்தி. கக்கன் 'தந்தை' என்றால் அது பாசம். நானும் நீங்களும் சொன்னால் அது பட்டம்.

கக்கனை 'கக்கன்ஜி' என்பார் என் அப்பா. இப்போது 'ஜி' என்றாலே சிரிக்கிறார்களே?
— மளிகைக் கடைக்காரர், சிம்மக்கல்

காந்திஜி, நேருஜி காலத்தில் 'ஜி' கதர்ச்சட்டை மாதிரி. போட்டவர் காங்கிரஸ்காரர் என்று தெரியும், அவ்வளவுதான். ராஜாஜிக்கு அது பெயரோடு ஒட்டி, பிரிக்கவே முடியாமல் ஆகிவிட்டது. அந்தத் தலைமுறை போனபோது 'ஜி'யும் இங்கே பழைய துணியோடு மூட்டை கட்டப்பட்டது. வேறொரு கட்சியின் வழியாக அது வடக்கேயிருந்து திரும்பி வந்தபோது, நம் ஆட்களுக்கு அது இன்னொரு மொழியின் சத்தமாகக் கேட்கிறது. எழுத்து ஒன்றுதான், வீடு மாறிவிட்டது.

கக்கனுக்கு அந்த ஓரெழுத்தைத் தவிர வேறு பட்டம் கிடையாது. உள்துறை அமைச்சராக இருந்தவர், பெரியாஸ்பத்திரியில் பொது வார்டில் படுத்திருந்தார். மேயராக இருந்த மதுரை முத்துவைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். அதைக் கேள்விப்பட்டுப் பதறிப்போனார் என்று சொல்வார்கள். வார்டில் இருந்தவர்களுக்கே அவர் யாரென்று தெரிந்திருக்காது. பக்கத்தில் போஸ்டர் இல்லையே!

மேயரை 'வணக்கத்துக்குரிய' என்று அழைப்பிதழில் போட்டது ஏன்?
— வாசகர், ஆரப்பாளையம்

வெள்ளைக்கார நகரசபை வழக்கத்தின் நேர் மொழிபெயர்ப்பு. மதுரை 1971-ல் மாநகராட்சி ஆனது. முதல் மேயர் முத்து. அழைப்பிதழ் என்ன சொன்னாலும் ஊர் அவரை 'மதுரை முத்து' என்றது. ஊர்ப்பெயரே முன்னால் வந்து நின்ற பிறகு வேறு வணக்கம் எதற்கு?

முதலமைச்சரை 'அங்கிள்' என்றது சரியா, தப்பா?
— ஐ.டி. ஊழியர், மாட்டுத்தாவணி

2025 ஆகஸ்ட் 21, பாரபத்தி மாநாடு. விஜய் 'ஸ்டாலின் அங்கிள்' என்றதும் கூட்டம் ஆர்ப்பரித்தது, தி.மு.க. கொதித்தது. நமக்கு உறவுமுறை புதிதா என்ன? ஒரு முதலமைச்சர் அண்ணா, ஒருவர் அம்மா. ஐயா, அக்கா, அண்ணன், சின்னவர் என்று இங்கே அரசியலே ஒரு காதுகுத்து வீடு. பிறகு ஏன் 'அங்கிள்' சுட்டது?

மாமா, சித்தப்பா என்றால் உரிமை. 'அங்கிள்' என்பது உறவே இல்லாதவருக்கு வைப்பது. அதோடு, அது வயதைச் சொல்கிறது. பஸ்ஸில் ஒரு பெண் "அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று முதன்முதலாகச் சொன்ன நாள் எந்த ஆணுக்கும் மறக்காது. (எனக்குத் தெற்குவாசல் ஸ்டாப். வருஷம் சொல்ல மாட்டேன்.)

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டாலினுக்குப் பல வருஷமாகத் 'தளபதி' பட்டம். விஜய் 'இளைய தளபதி'யாக இருந்தவரை பிரச்சினை இல்லை. 2017-ல் 'இளைய' உதிர்ந்தது. ஒரே நாட்டில் இரண்டு தளபதிகள் இருந்தால், ஒருவர் அங்கிள் ஆகித்தானே தீரவேண்டும்?

பெயர் சொல்லும் மரியாதைக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. தன் எதிரில் ஒருவர் 'கருணாநிதி' என்று மொட்டையாகச் சொன்னதற்காக எம்.ஜி.ஆர். அவரைக் காரிலிருந்து இறக்கிவிட்டார் என்பார்கள். பிற்பாடு ஜெயலலிதா மேடைக்கு மேடை 'கருணாநிதி' என்றுதான் சொன்னார். அவர் பதிலுக்கு 'அம்மையார்' என்பார். அந்த 'அம்மையாரில்' எவ்வளவு மிளகாய் இருந்தது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.

'அம்மா' என்றால் ஜெயலலிதா ஒருவர்தானா?
— வாசகி, எல்லீஸ் நகர்

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். நாடக மேடையிலிருந்து சுதந்திரப் போராட்டத்துக்கு வந்து, கம்யூனிஸ்ட் ஆகி, 1967-ல் மதுரை கிழக்கின் எம்.எல்.ஏ.வாக இருந்த கே.பி. ஜானகி அம்மாளைத் தோழர்கள் 'அம்மா' என்றே கூப்பிட்டார்கள். அந்த 'அம்மா' ஒரு மனிதரின் மேல் இருந்தது. தண்ணீர் பாட்டில் மேல் இல்லை.

2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்த சில நாளிலேயே சசிகலா 'சின்னம்மா' ஆனார். கட்சியின் பெரிய தலைகள் வரிசையாகச் சொன்னார்கள். அடுத்த செப்டம்பரில் பொதுக்குழு அவரை நீக்கியபோது அதே வாய்கள் மறுபடி 'சசிகலா' என்றன. ஒன்பது மாதத்தில் பிறப்பதுதான் வழக்கம். இங்கே ஒன்பது மாதத்தில் ஒரு பட்டம் இறந்தது. மூத்த அம்மாவுக்கோ 2021 ஜனவரியில் திருமங்கலம் அருகே டி.குன்னத்தூரில் எம்.ஜி.ஆரோடு சேர்த்துக் கோயிலே கட்டிவிட்டார்கள். சிலை வெண்கலம். உறுதியானது.

தியாகி என்றால் யார்?
— கதர்க் கடை ஊழியர், மேலமாசி வீதி

உங்கள் கடை வாசலில் ஒரு காலத்தில் தாமிரப் பட்டயத்தோடு வந்து நின்றவர். 2024 செப்டம்பரில் செந்தில் பாலாஜி ஜாமீனில் வந்தபோது முதலமைச்சரின் வரவேற்பில் 'தியாகம்' வந்தது. 2025 ஏப்ரலில் அ.தி.மு.க.வினர் 'அந்தத் தியாகி யார்?' என்று பேட்ஜ் குத்திக்கொண்டு சட்டமன்றம் போனார்கள். அவர்களிடமிருந்து பிரிந்துபோன அ.ம.மு.க.வினர் சசிகலாவுக்குச் சூட்டியிருந்ததும் 'தியாகத் தலைவி'தான். வழக்குகளின் முடிவு நீதிமன்றத்தின் வேலை. சொல் என் வேலை. சிறைக்குப் போனவர் தியாகி என்ற பழைய கணக்கு அப்படியே இருக்கிறது. எதற்காகப் போனார் என்ற பத்தியைத்தான் காணோம்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய தேர்தல் நோட்டீஸ் கிடைத்தது. 'அபேட்சகர்', 'ஸ்ரீமான்' என்கிறதே?
— வங்கி ஊழியர், அலங்காநல்லூர்

பத்திரமாக வையுங்கள். அபேட்சகர்தான் பின்னாளில் வேட்பாளர். அக்கிராசனர் தலைவரானார், கனம் மந்திரி மாண்புமிகு அமைச்சரானார். 1932-ல் ரஷ்யா சுற்றிவிட்டு வந்த ஈ.வெ.ரா., ஸ்ரீயும் வேண்டாம் திருவும் வேண்டாம், எல்லோருக்கும் 'தோழர்' போதும் என்றார். அது முழுக்கப் பிடிக்கவில்லை. 1967-க்குப் பிறகு அண்ணா அரசு 'ஸ்ரீ'யை எடுத்துத் 'திரு'வை வைத்தது, அது பிடித்துக்கொண்டது.

இந்த ஊரில் ஒரு குடும்பத்தை மட்டும் பார்த்தாலே போதும். நீதிக்கட்சியின் சர் பி.டி. ராஜன். 1944 சேலம் மாநாட்டில் ராவ் பகதூர், திவான் பகதூர் எல்லாவற்றையும் துறக்கச் சொல்லித் தீர்மானம் வந்தபோது, அந்தப் பக்கம் போகாதவர். பிற்பாடு தமிழகம் அவரைத் 'தமிழவேள்' என்றது. மகன் பழனிவேல் ராஜன் பேரவைத் தலைவர். பேரன் பழனிவேல் தியாகராஜன் ஊருக்கு 'பி.டி.ஆர்.' மூன்று தலைமுறையில் 'சர்' கரைந்து மூன்று எழுத்தாகிவிட்டது. போஸ்டர் அச்சுக்கூலியும் மிச்சம்.

சாதிப் பெயரை எடுத்தால் தலைவர்கள் பெயர் என்ன ஆகும்?
— வாசகர், விருதுநகர்

2021-ல் பாடநூலில் உ.வே. சாமிநாதையர் 'சாமிநாதர்' ஆனார். 2025 அக்டோபரில் தெருக்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்க அரசு ஆணை வந்தது; அதே மாதம் கோவையில் திறந்த மேம்பாலத்தின் பெயர் ஜி.டி. நாயுடு. நாயுடுவை எடுத்தால் 'ஜி.டி. மேம்பாலம்'. யாருக்குத் தெரியும்? நல்ல நோக்கம்தான், ஆனால் ஒரு மனிதர் நூறு வருஷம் சுமந்த பெயரும், தெருமுனையில் சாதிச் சங்கம் மாட்டிய போர்டும் ஒன்றில்லை. இரண்டுக்கும் ஒரே கத்தரிக்கோலை எடுப்பதில்தான் எனக்குச் சண்டை.

பெயரைக் கத்தரிப்பது உங்கள் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 1985-ல் ராமநாதபுரத்தைப் பிரித்தபோது நீங்கள் 'காமராஜர் மாவட்டம்'. பக்கத்தில் 'பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம்'. எங்களுக்குப் பாண்டியன் பஸ். 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் அமைத்தபோது உங்கள் பக்கம் என்ன நடந்தது என்பதை நீங்களே அறிவீர்கள். ஒரு தலைவரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டேன் என்று மனிதர்கள் நின்றார்கள். உயிர்கள் போயின. அரசு எல்லாப் பெயர்களையும் ஒரே அடியில் எடுத்துவிட்டது. யாரோடும் வம்புக்குப் போகாத பாண்டியனும் சேர்ந்து போனார். 'ஒரு பெரியார்' என்று சிரித்தேனே, அந்தச் சிரிப்புக்குப் பக்கத்திலேயே இதுவும் இருக்கிறது.

'அஞ்சாநெஞ்சன்' மு.க. அழகிரிக்கு யார் கொடுத்தது?
— வாசகர், டி.வி.எஸ். நகர்

பெயரோடு வந்த சீதனம். பட்டுக்கோட்டை அழகிரியின் நினைவாகத்தான் கருணாநிதி மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். அசல் அஞ்சாநெஞ்சன் அவர்தான், சுயமரியாதை இயக்கப் பேச்சாளர். மதுரைச் சுவர்கள் இரண்டாமவருக்கு அதை அப்படியே எழுதிக்கொடுத்தன. 2014-ல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு சுவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

உங்களுக்கு ஒரு பட்டம் கொடுப்பதென்றால் எது வேண்டும்?
— பிளெக்ஸ் கடை டிசைனர், ஜெய்ஹிந்துபுரம்

எங்கள் தெருவில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: 'பேப்பர்காரர்'. காலையில் சைக்கிளில் வந்து பேப்பர் போடுகிறவருக்கும் அதே பட்டம்தான். மாதம் பிறந்தால் ஒன்றிரண்டு பேராவது கதவைத் தட்டி என்னிடம் சந்தாப் பணத்தை நீட்டுகிறார்கள். போன மாதம் மாடி வீட்டுப் பாட்டி, மழை நாளில் பேப்பர் நனைந்திருந்தது என்று அதில் பத்து ரூபாய் பிடித்துக்கொண்டார்.